எந்த ஹாட் டிஸ்க் நல்லது? ஒற்றைக் கொப்பிகளின் ஒரு சின்ன வரலாறு

கம்பஸில கடைசி வருசம் வரும்போது எல்லாருக்கும் ஒரு கேள்வி வரும். லப்டொப்பில ஆய்வறிக்கை, போனில நாலஞ்சு வருசப் படங்கள், எங்கேயோ ஒரு மூலையில அம்மம்மா கதைச்ச ஒலிப்பதிவு. இதுகளைப் பேக்கப் எடுத்து வைக்க எந்த ஹாட் டிஸ்க் நல்லது? கேட்டுப் பாருங்கோ, பத்துப் பேர் பத்துக் கம்பனியின் பெயர் சொல்லுவினம். ஒருத்தரைக் கைவிட்ட கம்பனிதான் மற்றவருக்குப் பத்து வருசமா உழைச்சிருக்கும். எஸ்எஸ்டி வாங்கு எண்டு ஒருத்தர், கிளவுட்டில போட்டால் காணும் எண்டு இன்னொருத்தர், 256 ஜிபி பென் ஒன்று போதாதோ எண்டு மூன்றாமவர்.

இந்தக் கேள்விக்குக் கடைக்காரரிடம் போவதற்கு முன் வரலாற்றிடம் போகலாம் என்பது என் எண்ணம். கணினித் தரவைச் சேமிக்கிற பொருட்களுக்கு எழுபது வருசத்துக்கு மேலான கதை இருக்கிறது. அந்தக் கதையில் கருவிகள் கெட்டுப்போவது சாதாரண சம்பவம். பெரிய இழப்புகள் எல்லாம் நடந்தது, கெட்டுப்போன கருவிக்கு மாற்றாக வேறொன்று இல்லாத இடங்களில். ஆகவே "எது நல்லது" என்பதைவிட "இது எப்படிச் சாகும், அப்ப என்னட்ட வேற என்ன இருக்கும்" என்று கேட்பது பிரயோசனமானது.

இதைக் கணினி வருவதற்கு முன்னமே எங்கட ஆக்கள் அறிந்திருந்தார்கள். பனையோலை எங்கட காலநிலையில் சாசுவதமான பொருள் இல்லை. பூச்சியும் ஈரமும் தின்னும், ஓரம் உதிரும், கட்டை அவிழ்க்க ஏடு முறியும். ஓலையில் எழுதிய நூல் பல நூற்றாண்டு வாழ்ந்ததற்குக் காரணம் ஓலையின் உறுதி இல்லை, பழசு உதிர முதல் யாரோ ஒருவர் இருந்து புதிசில் பிரதி பண்ணியதுதான். பிரதி பண்ணுகிற வழக்கம் தளர்ந்த இடத்தில் நூலும் போனது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏடு ஏடாகத் தேடி, ஒப்பிட்டு, கலித்தொகையை 1887 இல் அச்சேற்றினார். அவருடைய அவசரத்தின் காரணம் இதுதான்: கையில் எடுக்கும்போதே உதிர்கிற ஏடுகள் இன்னொரு தலைமுறைக்கு நிற்கமாட்டா என்று அவர் கண்டார். இன்றைய பாசையில் சொன்னால், அவர் செய்தது பழைய ஊடகத்திலிருந்து புதிய ஊடகத்துக்கு மாற்றியது. அதோடு ஒன்றை நூறாக்கியதும்தான்.

இனிக் கணினிக்கு வருவம். 1956 செப்டம்பரில் ஐபிஎம் கம்பனி ராமாக் என்ற கணினியை அறிவித்தது. அதோடு வந்ததுதான் விற்பனைக்கு வந்த முதல் ஹாட் டிஸ்க். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும். மொத்தப் பாரம் ஒரு தொன்னுக்கு மேல். கொள்ளளவு 5 மில்லியன் எழுத்துகள், அதாவது உங்கட போன் எடுக்கிற ஒற்றைப் படம் அளவு. இதைக் கம்பனிகள் வாங்கவில்லை, மாத வாடகைக்கு எடுத்தன. அந்தக் காலத்தில் தட்டு என்பது வேலை செய்கிற இடம். பாதுகாத்து வைக்கிற இடம் காந்த நாடா. நாடா மலிவு, சுருட்டி அலுமாரியில் வைக்கலாம், வேறு கட்டடத்துக்கும் கொண்டு போகலாம். இன்றும் பெரிய தரவு நிலையங்கள் நாடாவைக் கைவிடவில்லை. ஆனால் நாடா வாசிக்கிற கருவியின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதால அதை இதோட விடுவம்.

விட முதல் நாடாவின் ஒரு கதை மட்டும். 1969 இல் சந்திரனில் மனிதர் நடந்தபோது வந்த தொலைக்காட்சிச் சமிக்ஞையின் மூலப் பதிவு நாசாவின் நாடாக்களில் இருந்தது. உலகம் ரிவியில் பார்த்தது அதிலிருந்து மாற்றப்பட்ட தரம் குறைந்த படம். பல வருசத்துக்குப் பிறகு மூலத்தைத் தேடினார்கள். நாடாத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அவை அழிக்கப்பட்டுத் திரும்பப் பாவிக்கப்பட்டிருக்கும் என்ற முடிவை 2009 இல் நாசா வெளியிட்டது. நாடா பழுதாகவில்லை. இடம் காணாமல் அழித்தார்கள். "டிஸ்க் நிரம்பிட்டுது, பழசுகளைத் தூக்குவம்" என்று நாங்கள் செய்கிற அதே வேலை.

அடுத்த கதை எனக்கு மிகப் பிடித்தது. 1086 இல் இங்கிலாந்தின் அரசன் முதலாம் வில்லியம் தன் நாட்டின் நிலபுலங்களைக் கணக்கெடுத்துத் தோலில் எழுதுவித்தான். டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதன் 900 ஆவது ஆண்டுக்காக 1986 இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டேயைச் செய்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கட ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள், வரைபடம் சேர்த்தார்கள். எல்லாம் லேசர் டிஸ்க் என்ற பெரிய பளபளப்பான தட்டுகளில் ஏற்றப்பட்டன. அதை வாசிக்க விசேட பிளேயர் வேண்டும், பிபிசி மாஸ்டர் என்ற கணினி வேண்டும். அந்தத் தொகுதியின் விலை சாதாரண பள்ளிக்கூடங்களுக்கு எட்டவில்லை. பிறகு அந்த ரகத் தட்டே உலகத்தில் எடுபடவில்லை. பிளேயர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. 2000 ஐ ஒட்டிய வருசங்களில் நிலைமை என்னவென்றால், 900 வருசத்துக்கு முந்தைய தோல் புத்தகத்தைத் திறந்து வாசிக்கலாம், 15 வருசத்துக்கு முந்தைய தட்டை வாசிக்க ஆளைத் தேட வேண்டும். லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போல நடிக்கிற ஒரு மென்பொருளை எழுதி 2002 இல் உள்ளடக்கத்தை மீட்டார்கள். தட்டு அப்போதும் நல்லாத்தான் இருந்தது. வாசிக்கிற இயந்திரம்தான் இல்லாமல் போனது.

இது ஏதோ வெள்ளைக்காரரின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் பாமினி இருந்தது, இப்பவும் இருக்குது. 90களிலும் 2000களின் முற்பகுதியிலும் இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள், கல்வெட்டுகள் (அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலரைத்தான் சொல்லுறன்), கவிதைத் தொகுதிகள் பல அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த விசர்க்கோலம். கோப்பு அப்படியே இருக்கும், தமிழ் இருக்காது. ஆகவே பேக்கப் எடுக்கும்போதே பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தோடு சேர்த்து அதையும் வையுங்கோ. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த ஹாட் டிஸ்க் வாங்கினாலும் இந்த வேலையை அது செய்து தராது.

இதே காரணத்தால்தான் ஹாட் டிஸ்க்கோடு சும்மா வருகிற பேக்கப் மென்பொருட்களிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. சில உங்கள் கோப்புகளைத் தங்கட சொந்த வடிவத்தில் பொதி செய்து வைக்கும். பத்து வருசம் கழித்து அந்த மென்பொருள் இருக்குமோ தெரியாது. ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணுவது அழகில்லாத முறைதான். ஆனால் எந்தக் கணினியிலும் திறக்கும்.

வீட்டுப் பாவனைக்கு வந்த கருவிகளின் வரிசை எங்கட அண்ணன் அக்காமாருக்குத் தெரியும். ஃப்ளொப்பியை ஐபிஎம் 1971 இல் 8 அங்குலத்தில் கொண்டுவந்தது. எங்கட ஆக்கள் கண்டது பெரும்பாலும் 3.5 அங்குல, 1.44 மெகாபைட் ரகம். கோப்பைச் சேமிக்கிற பட்டனில் இன்றும் சின்னமாக இருக்கிற அதே சதுரம். 90களின் நடுவில் 100 மெகாபைட் கொள்ளும் சிப் டிரைவ் வந்தது. டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டால் தட்டு முடிஞ்சுது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கு "சாவின் டிக்" என்றே பெயர் வைத்தார்கள், கம்பனிமேல் வழக்கும் போட்டார்கள். பிறகு வீட்டிலேயே எழுதக்கூடிய சீடி, 700 மெகாபைட். அதன் பின் டிவிடி, 4.7 ஜிபி. கலியாண வீட்டு வீடியோக்காரர் தந்த டிவிடி இன்னும் பல வீடுகளில் சோக்கேசுக்குள் இருக்கிறது. அதைத் தயவுசெய்து இந்த மாதமே வெளியில் எடுத்துக் கொப்பி பண்ணுங்கோ. வீட்டில் எழுதுகிற சீடி, டிவிடிகளில் பெரும்பாலானவற்றில் தரவு ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது. வெயிலும் வெக்கையும் ஈரமும் அந்தச் சாயத்தை மாற்றும். அதோடு இப்ப வருகிற லப்டொப்புகளில் டிவிடி செருக இடமே இல்லை.

வெளியில் வைத்துப் பாவிக்கிற ஹாட் டிஸ்க் சாதாரண ஆக்களின் கைக்கு வந்ததற்கு ஒரு வயர் காரணம். யூஎஸ்பி 1996 இல் வந்தது. முதல் பதிப்பின் உச்ச வேகத்தில் ஒரு டெராபைட்டை மாற்ற ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். 2000 இல் வந்த யூஎஸ்பி 2.0 இல் அது ஒரு இரவு வேலையாகக் குறைந்தது. 2008 இல் யூஎஸ்பி 3.0 வந்த பிறகு சாதாரண ஹாட் டிஸ்க்குக்கு மூன்று மணித்தியாலம் அளவு. தரவுக்கும் மின்சாரத்துக்கும் ஒரே வயர் என்றானபடியால், ஹாட் டிஸ்க் பொக்கெற்றுக்குள் வந்தது.

உள்ளே தட்டுகளில் இடத்தைப் பெருக்கியது இயற்பியல். பிரான்சில் அல்பேர் ஃபேர், ஜேர்மனியில் பீற்றர் குருன்பெர்க் என்ற இருவர் 1988 இல் தனித்தனியாக ஒரு விளைவைக் கண்டார்கள். மிக மெல்லிய காந்தப் படைகளின் மின்தடை, சின்னக் காந்தப் புலத்துக்கே பெரிதாக மாறுகிறது. அதை வைத்துச் செய்த வாசிப்பு முனையால் முன்னரைவிட மிகச் சிறிய காந்தப் புள்ளிகளையும் படிக்க முடிந்தது. பத்து வருசத்துக்குள் அது கடையில் விற்கிற ஹாட் டிஸ்க்குக்குள் வந்துவிட்டது. 2007 இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கட கையில் இருக்கிற ஒரு டெராபைட் பெட்டிக்குள் ராமாக் இரண்டு இலட்சம் அடங்கும்.

அந்த நெருக்கத்துக்கு ஒரு விலை இருக்கு. சுழல்கிற தட்டுக்கு மேலே வாசிப்பு முனை சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிரின் தடிப்பு அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. வேலை செய்துகொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் கதை முடிஞ்சுது. விழாவிட்டாலும் வயது இருக்கு. ஆயிரக்கணக்கான ஹாட் டிஸ்க்குகளைப் பாவிக்கிற பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பனி 2013 இல் தன் கணக்கை வெளியிட்டது. நாலு வருசம் தாண்டி உயிரோடு இருந்தவை 100 க்குக் கிட்டத்தட்ட 80. அவை இராப்பகலாய் ஓடியவை, உங்கட அலுமாரியில் தூங்குகிற டிஸ்க் வேற மாதிரி. ஆனாலும் ஐந்தில் ஒன்று என்ற எண்ணை நினைவில் வைப்பது நல்லது. சாகமுதல் அறிகுறி காட்டும் என்றும் நம்பியிருக்க ஏலாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007 இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி எழுதிய ஆய்வில், செத்தவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான எச்சரிக்கைக் குறிகள் எதையும் காட்டாமலே போயிருந்தன.

அப்ப எஸ்எஸ்டி? பென்? இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். ஜப்பானில் தொசிபா கம்பனியில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா 80களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம். அசைகிற பாகம் எதுவும் இல்லை, ஆகவே விழுந்தாலும் பயமில்லை. வேகமோ பல மடங்கு. 2000 இல் முதல் பென்கள் கடைக்கு வந்தபோது 8 மெகாபைட், அப்பவே ஐந்து ஃப்ளொப்பிக்கு மேல். அது தரவை வைத்திருக்கிற முறைதான் கவனிக்க வேண்டியது. மிகச் சின்ன அறைகளுக்குள் இலத்திரன்களை அடைத்து வைக்கிறது. எத்தனை இலத்திரன் அடைபட்டிருக்கிறது என்ற அளவுதான் உங்கட படம், உங்கட பாட்டு. மலிவாக்குவதற்காக ஒரு அறைக்குள் எட்டு, பதினாறு நிலைகள் வரை வேறுபடுத்தி எழுதுகிறார்கள். காலப்போக்கில் இலத்திரன் கசியும், வெக்கை கூடினால் கசிவும் கூடும். எழுதி எழுதித் தேய்ந்து தன் ஆயுள் எல்லையைத் தொட்ட எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 பாகை வெப்பநிலையில் ஒரு வருசம் தரவைத் தாங்கினால் போதும் என்பதுதான் வீட்டுப் பாவனை ரகத்துக்கான தொழிற்துறைத் தரம். புதுசு இதைவிட நீண்ட காலம் தாங்கும். ஆனாலும் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறை 30 பாகையில் நிற்காது. எஸ்எஸ்டியை வேலைக்கும் பயணத்துக்கும் பாவியுங்கோ. எழுதி அலுமாரியில் வைத்துவிட்டு ஐந்து வருசம் மறக்கிற சாமான் அது இல்லை. பென்னைப் பேக்கப் என்று சொல்லவே கூடாது. அது கொண்டுபோய்க் குடுக்கிறதுக்கு.

பென் பற்றி இன்னொன்று. நம்பமுடியாத விலைக்கு 2 டெராபைட் பென் கண்டால் பெரும்பாலும் அது பொய். உள்ளே சின்னச் சில்லு ஒன்றை வைத்து, கணினிக்குப் பெரிய எண்ணைச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் தெரியும், திறந்தால் ஒன்றும் இராது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருட்கள் கடைசி மூலைவரை எழுதித் திரும்ப வாசித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். எதை வாங்கினாலும், பற்றுச்சீட்டின் உத்தரவாதக் காலம் முடிய முதல் இதைச் செய்யுங்கோ.

இனி ஒரு திரைப்படக் கதை. 1998 இல் பிக்சார் நிறுவனத்தில் டோய் ஸ்டோரி 2 படம் செய்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் தவறான ஃபோல்டரில் அழிக்கிற கட்டளையைக் கொடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கவே பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப் நாடா இருக்குத்தானே என்று போனால், அது சில காலமாகவே ஒழுங்காக எழுதப்படாமல் இருந்திருக்கிறது. ஒருவரும் திறந்து பார்க்காதபடியால் தெரியவில்லை. கடைசியில் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். குழந்தை பிறந்திருந்தபடியால் அவர் வீட்டிலிருந்து வேலை செய்தார், அதற்காகப் படத்தின் கொப்பி ஒன்று அவருடைய வீட்டுக் கணினியில் இருந்தது. கணினியைப் போர்வையால் சுற்றிக் காரின் பின் இருக்கையில் வைத்து மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நிறுவனத்தின் அத்தனை வசதிகளும் தோற்ற இடத்தில் வேறொரு வீட்டில் கிடந்த கொப்பி வென்றது. (பிறகு கதையைப் பெரும்பாலும் மாற்றி எழுதினார்கள், அது வேற விசயம்.)

வேறொரு வீடு. இந்தச் சொல்லில் எங்களுக்கு விளங்காதது ஒன்றும் இல்லை.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவு நூல்களும் ஏடுகளும் போயின. அந்த எண்ணையே நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லுகிறோம், சொல்லவும் வேணும். ஆனால் அந்த எண்ணுக்குள் இரண்டு வகை இழப்பு இருக்கிறது. அச்சில் வந்து வேறு நூலகங்களிலும் வீடுகளிலும் பிரதி இருந்த நூல்கள், காசும் காலமும் செலவழித்தால் திரும்பக் கிடைக்கக்கூடியவை. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலையும் கையெழுத்தும் திரும்ப வரவே மாட்டா. எரித்தவர்களின் குற்றம் இதனால் ஒரு துளியும் குறையாது. ஆனால் 2005 இல் நூலகம் இணையத்தளத்தைத் தொடங்கிய இளைஞர்கள் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் பண்ணி யாரும் இறக்கக்கூடியதாக விட்டது ஏன் பெரிய விசயம் என்பது இங்கே விளங்கும். ஒரு மின்நூலை இறக்கி உங்கட கணினியில் வைக்கிற ஒவ்வொரு முறையும் அதற்கு இன்னொரு வீடு கிடைக்கிறது.

யுத்தகாலத்தில் வீடுகளில் ஒரு பாக் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, படிப்புச் சேர்டிபிக்கேட், அடையாள அட்டையின் கொப்பி. ஓடும்போது கையில் வருவது அதுதான். அதை முதலாவது பேக்கப் என்று சொல்லலாம், ஆனால் அதுவும் ஒற்றைக் கொப்பி. பாக் போனால் எல்லாம் போச்சு. உண்மையில் பல குடும்பங்களின் படங்களைக் காப்பாற்றியது வேறொன்று. கலியாணப் படத்தில் ஒரு பிரதி கனடாவில் இருக்கிற மாமாவுக்கு, பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் படம் லண்டன் சித்திக்கு என்று கடிதத்தோடு அனுப்பியிருப்பார்கள். 2004 சுனாமியிலும் 2009 இலும் இங்கே அல்பம் முழுதாகப் போன வீடுகளுக்கு, அங்கே இருந்த அந்த ஒன்றிரண்டு படங்கள்தான் திரும்பி வந்தன. ஒருவரும் அதைப் பேக்கப் என்று நினைத்துச் செய்யவில்லை, பாசத்தில் செய்தது. பீற்றர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2000களில் பிரபலப்படுத்திய 3-2-1 என்ற விதி இதையேதான் சொல்கிறது: மூன்று கொப்பி, இரண்டு வகைப் பொருளில், அதில் ஒன்று வேறிடத்தில்.

இந்த விதியைப் பெரிய இடங்களும் மறக்கும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. 5,000 அளவு அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போய்விட்டது. அந்தக் காலத்துக்குரிய மீட்கக்கூடிய பேக்கப் இருக்கவில்லை. அதன் பிறகுதான் வலையமைப்போடு தொடர்பில்லாத நாளாந்தப் பேக்கப் எடுக்கத் தொடங்கினார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரச தரவு நிலையம் ஒன்று பற்றரித் தீயில் எரிந்தபோது, அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் கொப்பி எதுவும் இல்லாமல் அழிந்தது. சொல்லப்பட்ட காரணம், பேக்கப் எடுக்க முடியாத அளவுக்கு அது பெரிசு. கிளவுட் என்பது இன்னொருவரின் கட்டடம். அதையும் ஒரு கொப்பியாக எண்ணலாம், ஒரே கொப்பியாக எண்ணக் கூடாது.

இதையெல்லாம் வைத்து இனிக் கடைக்குப் போவம். 4 டெராபைட் ஒன்றுக்குக் காசு சேர்த்திருக்கிறீர்களா? கணக்குப் பார்த்தால் ஜிபிக்கு அதுதான் மலிவு. ஆனாலும் அந்தக் காசுக்கு ஒரு டெராபைட் அல்லது இரண்டு டெராபைட் சாதாரண ஹாட் டிஸ்க் இரண்டு வாங்குங்கோ. இரண்டும் வேறு வேறு கம்பனியாக இருக்கட்டும், முடிந்தால் வேறு வேறு மாதத்தில் வாங்கினதாக. ஒரே தொகுதியில் செய்தவை ஒரே பிழையைக் கொண்டிருக்கலாம். 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 வரை போன பிறகு இரண்டு வாங்கு என்று சொல்வது லேசில்லை, தெரியும். கூட்டாளிமார் இரண்டு பேர் ஆளுக்கொன்று வாங்கி, ஒருவரின் கொப்பியை மற்றவர் வீட்டில் வைத்தாலும் வேலை நடக்கும். அப்படி வைக்கும்போது கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கோ. அந்தக் கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்குத் தெரிகிற இடத்தில் கடுதாசியில் எழுதி வையுங்கோ, நீங்கள் இல்லாத நாளில் அம்மா திறக்க வேண்டிவரும்.

வாங்கும்போது இன்னொன்றையும் விசாரிக்கலாம். சில சின்ன ஹாட் டிஸ்க்குகளில் யூஎஸ்பி வாய் உள்ளே இருக்கிற பலகையோடு ஒட்டவே செய்யப்பட்டிருக்கும், சிலது தானாகவே தரவைப் பூட்டி எழுதும். அந்தப் பலகை கெட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டு வாசிக்க ஏலாது. வேக எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம், மாதத்துக்கு ஒருக்கா இரவில் கொப்பி பண்ண வேகம் எதுக்கு? எக்ஸ்ஃபட் முறையில் ஃபோர்மட் பண்ணினால் விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் திறக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தெடுத்தால் பழுதாகும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தை நினையுங்கோ, பற்றரி செத்த லப்டொப்பில் கரண்டை நம்பிப் பேக்கப் எடுக்கிறது ஆபத்து. எடுத்து முடிந்ததும் கழற்றி வையுங்கோ. செருகியபடியே கிடக்கிற டிஸ்க்குக்குக் கணினியில் வருகிற வைரஸும் வரும், இடிமின்னலும் வரும்.

பிறகு டிஸ்க்கின் மேல் வாங்கின மாதத்தையும் வருசத்தையும் எழுதி ஒட்டுங்கோ. வருசத்துக்கு இரண்டு தரம், சித்திரை வருசத்துக்கும் தீபாவளிக்கும் எண்டு வைச்சால் மறக்காது, இரண்டையும் எடுத்து வேறொருத்தரின் கணினியில் செருகுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்பைத் தெரிவுசெய்து திறந்து பாருங்கோ. வீடியோ என்றால் கடைசி நிமிசம் வரை ஓட்டிப் பாருங்கோ. அம்மம்மாவின் ஒலிப்பதிவை முழுசாகக் கேளுங்கோ. ஐந்து வருசம் தாண்டின டிஸ்க் என்றால், அது நல்லா ஓடிக்கொண்டிருந்தாலும் அடுத்ததுக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கோ.